தகட்டின் வேலை

முதலில் அது கொசு மாதிரிதான் வந்தது.
காலை ஆறரை. ரோடெல்லாம் முந்தின ராத்திரிப் பட்டாசுக் காகிதம்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தார்கள்.
வரிசையின் வால் தெரிந்ததும் மெல்லக் காலை வைத்தேன்.
கீச்.
முன்னால் நின்ற மீன்பாடி வண்டிக்காரர் திரும்பினார்.
நான் பக்கத்து ஆட்டோவைப் பார்த்தேன்,
அதுதான் கத்தியது என்பதைப் போல.

அழுத்தி மிதித்தால் அடங்கியது,
தொட்டும் தொடாமல் மிதித்தால் பாடியது.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர்கள் உறுமும்போது
கேட்கவில்லை.
கேட்காதது இல்லை என்று வைத்துக்கொண்டு
எஃப்எம்மை இரண்டு புள்ளி ஏற்றினேன்.
ஐந்தாம் தேதி தவணை. பத்தாம் தேதி இன்சூரன்ஸ்.
மழை ஈரம், கடல் உப்பு, ராத்திரியில் டிஸ்க்கில் துரு ஏறும்,
நாலு மிதி மிதித்தால் போய்விடும் என்றேன்.
சில காலைகளில் போகவும் போனது.
அதுதான் என்னைக் கெடுத்தது.

பிறகு மிதி கொஞ்சம் ஆழமானது.
மார்கழியில் பிரேக் ஆயில் டப்பாவில்
கோட்டுக்குக் கீழே ஒரு நகக்கண் அளவு குறைந்திருந்தது.
எங்கும் ஒழுகவில்லை, ஊற்றி மூடினேன்.
எர்ணாவூர் பாலம் இறங்கும்போது
நிற்கிற இடத்தைத் தாண்டி அரை வண்டி நீளம் போய் நின்றேன்.
வளைகாப்பு முடிந்து வந்த பெண் பின்னால்.
இரண்டு கை வளையலும் ஒரே நேரத்தில் முன்னால் சரிந்தன.
"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.
அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

காலடிப்பேட்டையில் குணபாலன்
சக்கரத்தைக் கழற்றுமுன்பே
அதன் ஓட்டைக்குள் செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தான்.
"இன்னாக்கா, எத்தினி நாளா கத்துது?"
"நேத்துலருந்து."
"நேத்துன்னா?"
"தீபாவளிலருந்து."

புது பேடு என் சுண்டுவிரல் தடிமன்.
பழசு, குளியலறை மூலையில்
அடுத்த சோப்பின் முதுகில் ஒட்டக் காத்திருக்கும் வில்லை.
மூன்று மில்லிமீட்டருக்கு இறங்கினாலே மாற்றணுமாம்,
இது இரண்டுகூட இல்லை.
ஓரத்தில் நகம் போல வளைந்த ஒரு சின்னத் தகட்டைக் காட்டினான்.
"இதுக்கு வேற வேலையே கெடையாதுக்கா.
பேடு தேஞ்சா டிஸ்க்க உரசிக் கத்தணும், அவ்ளோதான்.
கீச்சுனு கத்துற வரைக்கும் ரெண்டாயிரத்துல முடியும்.
கர்ருனு அரைக்க ஆரம்பிச்சா டிஸ்க்கும் போச்சு,
அப்பால நீ எங்கிட்ட பேச மாட்ட."
புதுசு உட்காரும் வரை
சடன் பிரேக் அடிக்காதே என்று சொல்லிவிட்டு
பழசைத் தகர டின்னில் போட்டான்.
டின் ஏற்கனவே பாதி நிறைந்திருந்தது.

அன்றிரவு ஒன்றேகால்.
டிரான்ஸ்பார்மர் பக்கம், எங்கள் சந்து முனையில் நிறுத்தினேன்.
தண்ணீரில் கால் வைத்த மாதிரி நின்றது வண்டி.
படுத்திருந்த நாய் தலையைத் தூக்கவில்லை.

இத்தனை நாளும்
நான் கண்ணாடி ஏற்றி, கதவைப் பூட்டி,
நாற்பது அடி நடந்து சேர்வதற்குள்
உள்ளே விளக்கு எரிந்திருக்கும்,
தாழ்ப்பாள் விலகியிருக்கும்,
மீன்குழம்பு அடுப்பில் ஏறியிருக்கும்.
துறைமுகத்தில் பகல் முழுக்க மூட்டைக் கணக்கு எழுதிவிட்டு
தூங்காமல் கிடக்கிறான் மனுசன் என்று நினைத்திருந்தேன்.
சொல்லிக்கூடக் காட்டியிருக்கிறேன்,
"தூங்கித் தொலையேன்" என்று.

இன்றைக்கு இருட்டு.
ஜன்னல் வழியே தனசீலனின் குறட்டை
ஏறி, ஒரு நொடி நின்று, இறங்கியது.
தட்ட மனம் வரவில்லை.
கைப்பையில் சாவியைத் துழாவினேன்,
சில்லறை, டோல் சீட்டு, சீப்பு,
குணபாலன் கொடுத்த பில்.

சாவி கிடைப்பதற்குள் கதவு திறந்தது.
கண்ணைக் கசக்கி என்னைப் பார்த்தான்,
என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தான்.

"இன்னா, நடந்தா வந்த?
வண்டிய எங்க வுட்ட?"